எல்லாம் ஒரே மொழியில்

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸில் புது கார்பெட் போட்டிருக்கிறார்கள். பசை நாற்றம் காலையிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது. கேன்டீன் உப்புமாவிலும் அதே நாற்றம். பாதியில் எழுந்து தட்டோடு கொட்டிவிட்டு வந்தேன்.

ரகோத்தமன் கூப்பிட்டார். எங்கள் டெலிவரி ஹெட், ப்ராஜெக்ட்டுகளை முடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. பேசும்போது புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குக் குமட்டும்.

"ஜெசிந்தா, திங்கட்கிழமை வால்பாறை டிரஸ்ட்ல இருந்து வர்றாங்க. நம்ம ஜாவா டூல்கிட்டோட நன்மை என்னென்னன்னு நீங்கதான் பேசணும். அதை உங்க அளவுக்குக் கரைச்சுக் குடிச்சவங்க இங்க யாரும் இல்ல."

அது உண்மை. அந்த டூல்கிட்டைப் பற்றிப் பேச எனக்குக் காகிதம் வேண்டாம். சாதாரணமாக ஒரு வெப் அப்ளிகேஷன் கட்ட இரண்டு கூட்டம் வேண்டும். சர்வரில் ஓடுவதை ஜாவாவில் எழுத ஒரு கூட்டம், பிரவுசரில் தெரியும் திரையை ஜாவாஸ்கிரிப்டில் எழுத இன்னொரு கூட்டம். இவர்கள் அனுப்புவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் கேட்பது இவர்களிடம் இருக்காது. இந்த டூல்கிட்டில் பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாமே ஜாவாதான். பிரவுசருக்கு வேண்டியதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு பெயரைத் தப்பாக எழுதினால், எழுதியதைச் சோதிக்கும் கம்பைலர் அங்கேயே பிடித்துக்கொள்ளும், ஊருக்கு முன்னால் போய் உடையாது. முதன்முதலில் இதில் ஒரு திரையை எழுதி ஓடவிட்ட அன்று, வீட்டுக்கு வந்து என் கணவர் இருதயத்திடம் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வாத்தியார். ஒன்றும் புரியாமலே தலையாட்டினார்.

வால்பாறை டிரஸ்ட் எஸ்டேட் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் அறக்கட்டளை. அதன் நர்ஸ்கள் டேப்லெட்டோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்துப் பதிவார்கள். இப்போது அவர்கள் கையில் இருக்கும் திரைகளை எழுதியது ஷாஹிதா. நானும் அவளும் இந்தக் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தோம்.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஒத்திகை. ரகோத்தமன், ஷாஹிதா, இன்னும் சிலர். நன்றாகவே பேசினேன். "எல்லாம் ஒரே மொழியில்" என்று ஒரு வரி தானாக வாயில் வந்தது. ரகோத்தமன் அதைக் குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் ஷாஹிதா கேட்டாள். "ஜெசி, இதுல ஒவ்வொரு கிளிக்கும் சர்வருக்குப் போய்ட்டு வரணும்ல? மலையில சிக்னல் போயிடுச்சுன்னா?"

"திரை அப்படியே நிக்கும்."

"எங்கதுல டேப்லெட்லயே எழுதி வச்சுக்கும். சிக்னல் வந்ததும் தானா அனுப்பிடும்."

"தெரியும். அங்க மட்டும் இது சரிப்படாது. அதையும் சொல்லப்போறேன், கடைசில வச்சிருக்கேன்."

ரகோத்தமன் மிட்டாயை இடம் மாற்றினார். "அது வேண்டாம். கேட்டாச் சொல்லிக்கலாம். பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட பொண்ணுக்கு ஆஸ்துமான்னு நாமளே ஆரம்பிக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்ன பேச்சு இது. ஷாஹிதா சிரிக்கவில்லை. நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

ஜூன் 9, திங்கள்

டிரஸ்ட்டிலிருந்து டாக்டர் மீனலோசனி வந்தார். தலைமை மருத்துவர் அவர்தான். கைத்தறிப் புடவை, நரைத்த கிராப். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், நாம் முடிக்கும்வரை காத்திருக்கிறார். முந்திரி பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. ரகோத்தமன் மட்டும் தின்றார். மேஜையெல்லாம் தூள்.

அரை மணி பேசினேன். பழைய அப்ளிகேஷனில் ஒரு திரையை மாற்ற ஒரு மாதம் ஆகிறது, இதில் இரண்டே நாள் என்று செய்தே காட்டினேன். டாக்டருக்குப் பிடித்துப்போனது.

கடைசியில் அவர் கேட்டார். "மழைக்காலத்துல எங்க பக்கம் நெட்வொர்க் ரொம்ப மோசம். அதுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

ரகோத்தமன் என்னைப் பார்த்தார்.

"பாத்துக்கலாம் டாக்டர்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். பார்த்துக்கொள்ள வேண்டியது கம்பெனி.

ஜூன் 10, செவ்வாய்

மாவு புளித்து நுரைத்துவிட்டது. கொட்டினேன். இருதயம் ரொட்டி வாங்கி வந்தார்.

ஜூன் 27, வெள்ளி

திரை எழுதும் டீமை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். காலையில் மெயில், மத்தியானம் கேக். வேலையை விட்டு அனுப்புகிறவர்களுக்குக் கேக் வெட்டும் யோசனை எந்த மூளையில் உதித்ததோ. நீல க்ரீமில் 'ஆல் தி பெஸ்ட்'. சாப்பிட்டவர்கள் வாஷ்பேசினில் கையைக் கழுவ, க்ரீம் கட்டி கட்டியாக அடைத்து நீலத் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் ஒரு தலைமுடி சுற்றிக்கொண்டிருந்தது. போய் வாந்தியெடுத்தேன்.

மெயிலில் காரணமும் போட்டிருந்தார்கள். 'எல்லாம் ஒரே மொழியில். இனி ஒரே டீம்.' என் வரி. டூல்கிட்டைப் பற்றிச் சொன்னதை ஆட்களைப் பற்றியதாக ஆக்கிவிட்டார்கள்.

ஷாஹிதா பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் சீட்டுக்கு வந்தாள்.

"நல்லாப் பேசினே ஜெசி. டாக்டருக்கு நம்பிக்கை வந்துடுச்சுல்ல?"

"ஷாஹி, எனக்கு இது தெரியாது."

"தெரியாதுன்னுதான் நினைச்சேன். அந்த சிக்னல் விஷயம் மட்டும் மறந்துடாதே. அங்க ஒரு பொம்பளைக்கு பிரஷர் ஏறினா திரையில சிவப்பு விழணும். சிவப்பு விழுந்தாத்தான் டாக்டர் ஜீப் அனுப்புவாங்க."

லிஃப்ட் வரை கூடப் போயிருக்கலாம். எனக்கு ஒரு போன் வந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

வேலை ஓடுகிறது. ஒரு வருஷம் ஷாஹிதாவின் டீம் இழுத்ததை நாங்கள் ஆடி பிறப்பதற்குள் முக்கால்வாசி முடித்துவிட்டோம். தேதிப் பெட்டியில் எழுத்தைப் போட முடியாது, எடைப் பெட்டியில் பெயரைப் போட முடியாது, எல்லாம் எழுதும்போதே பிடிபடுகிறது. இந்த டூல்கிட்டைக் குறை சொல்ல என்னால் ஆகாது. கையில் எடுத்தால் கத்தி மாதிரி இருக்கிறது.

சிக்னல் விஷயத்துக்குத் தனியாக ஒரு சின்னப் பகுதி எழுத வேண்டும் என்று ரகோத்தமனிடம் சொன்னேன். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒருத்தர் வேண்டும் என்றும் சொன்னேன்.

"அந்த டீமை எடுத்தாச்சே?"

"அதான் கேக்கறேன்."

"அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

என் வார்த்தையே என்னிடம் திரும்பி வந்தது. எனக்கு ஆர்க்கிடெக்ட் என்று பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸப் குழுவில் வரிசையாகக் கட்டைவிரல்கள். அருவருப்பாக இருந்தது. எல்லோருக்கும் நன்றி போட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

போன வாரம் புது அப்ளிகேஷன் நர்ஸ்கள் கைக்குப் போனது. இன்று டிரஸ்ட்டிலிருந்து ஒரு கேள்வி. தங்கபுஷ்பம் என்ற நர்ஸ், வெள்ளிக்கிழமை மாரீஸ்வரி என்ற கர்ப்பிணியின் பிரஷரைப் பதிந்ததாகச் சொல்கிறாராம். டாக்டர் பக்கம் எதுவும் வரவில்லை. சர்வரில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

பார்த்தேன். அந்த எஸ்டேட்டிலிருந்து அன்று காலை இணைப்பு வந்திருக்கிறது, அறுந்திருக்கிறது, திரும்ப வந்திருக்கிறது, திரும்ப அறுந்திருக்கிறது. பதிவு இல்லை.

ரகோத்தமன் என் தோளுக்கு மேல் குனிந்து ஸ்க்ரீனைப் பார்த்தார். கழுத்தில் புதினாக் காற்று பட்டது. "சேவ் பட்டனை அழுத்தலன்னு எழுதிடுங்க."

"அப்படி எழுத முடியாது."

"அப்ப உங்களுக்கு எது தெரியுமோ அதை எழுதுங்க."

'குறிப்பிட்ட பதிவு எதுவும் சர்வரில் பெறப்படவில்லை' என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிச்சன் ஸிங்க் அடைத்துக்கொண்டது. இருதயம் பைப்பைக் கழற்றிக் கருப்பாக எதையோ உருவி எடுத்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. "உனக்கு இப்பல்லாம் எதைப் பார்த்தாலும் குமட்டுது. டாக்டர்கிட்டப் போவமா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய், வால்பாறை

நர்ஸ்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை, பயிற்சி வேண்டும் என்று ரகோத்தமன் என்னை அனுப்பிவைத்திருக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து பஸ். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முன் சீட்டுக்காரர் ஜன்னல் வழியே வாந்தியெடுத்துக்கொண்டே வந்தார். மேலே மழை விடவே இல்லை. கெஸ்ட் ஹவுஸில் செருப்பைக் கழற்றினால் விரலிடுக்கில் ஒரு அட்டை, என் ரத்தத்தைக் குடித்துத் திராட்சை மாதிரி உப்பியிருந்தது. உப்பைப் போட்டேன். சுருண்டு விழுந்தது.

ஆகஸ்ட் 27, புதன், வால்பாறை

எஸ்டேட் கிளினிக்குக்குப் போனேன். தங்கபுஷ்பம் இல்லை, வேறொரு சின்னப் பெண் இருந்தாள். தங்கபுஷ்பம் எங்கே என்று கேட்டேன்.

"அவங்கள சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

அவள் ஒரு கிழவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு எண்ணைப் போட்டாள். 'சேமிக்கப்படுகிறது' என்ற எழுத்து வந்தது, வட்டம் சுற்றியது. அந்த எழுத்தை வைத்தது நான். நர்ஸ்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் வைத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே பெஞ்சில் வரிசை நீண்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் டேப்லெட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு ரோட்டு வளைவுக்கு ஓடினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். திரும்பி வந்து காட்டினாள். 'நேரம் முடிந்தது. மீண்டும் தொடங்கவும்.' உள்ளே ஒன்றும் இல்லை.

"எல்லா நாளும் இப்படித்தானா?"

"மழை இல்லாதப்ப ஓடும் மேடம். நீங்க பயிற்சி குடுக்க வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. நாங்க எங்க தப்பு பண்றோம்?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலம் தங்கபுஷ்பத்தின் வீட்டைத் தேடிப் போனேன். பஜாருக்குப் பின்னால் வாடகை வீடு. நாற்பது வயது இருக்கும். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"எட்டாம் மாசம் மேடம். காலு ரெண்டும் வீங்கியிருந்திச்சு. பிரஷர் பார்த்தா பகீர்னு ஆயிடுச்சு. உடனே போட்டேன். சேமிக்கப்படுகிறதுன்னு வந்துச்சு. அப்ப சேந்துடுச்சுன்னுதானே அர்த்தம்? வழக்கமா பதிஞ்சா டாக்டரம்மாவுக்குச் சிவப்பு காட்டும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஜீப் வந்துரும். அதனால அந்தப் புள்ளைகிட்ட, நீ வீட்லயே இரு, நடக்காதே, ஜீப் வரும்னு சொல்லிட்டு அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிட்டேன்."

"ஜீப் வரல."

"வரல. அவ சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு உக்காந்தே இருந்திருக்கா. மறுநாள் விடியக்காலம் வலிப்பு. பொள்ளாச்சிக்குத் தூக்கிட்டுப் போயி அவளைக் காப்பாத்திட்டாங்க. பிள்ள செத்துத்தான் பிறந்துச்சு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பதியவே இல்லைன்னு கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்களாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, நான்தான் பொய் சொல்றேன்னு ஆயிடுச்சு. நீங்க அந்தக் கம்பெனியா மேடம்?"

"ஆமா."

"யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன், வால்பாறை

காலையில் ரகோத்தமனுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். போனில் மிட்டாய் பல்லில் இடித்தது.

"ஜெசிந்தா, வருத்தமான விஷயம்தான். ஆனா நாம எழுதினதுல தப்பு எதுவும் இல்லையே? பதிவு வரலன்னோம், வரல. அவ்வளவுதான். பயிற்சியை முடிச்சுட்டு வாங்க."

அவர் பேசியது ஒவ்வொன்றும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்கும்போது அழுகிய மீனை முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருந்தது.

டாக்டர் மீனலோசனியின் அறைக்குப் போனேன். நிற்காமல் சொல்லி முடித்துவிட்டேன். நர்ஸ் பதிந்தது உண்மை, எங்கள் திரை அதை வாங்கிக்கொண்டது போலக் காட்டிவிட்டுத் தொலைத்துவிட்டது, இணைப்பு அறுந்ததைப் பார்த்த பிறகும் நான் அந்த வரியை எழுதினேன், ஜூனில் நீங்கள் கேட்டபோதே இது இங்கே ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா பாத்துக்கலாம்னு சொன்னீங்க?"

"ஆமா டாக்டர்."

"அன்னிக்கு நீங்க 'ஆகாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பழசையே வச்சிருப்பேன். தங்கபுஷ்பம் என்கிட்ட பதினஞ்சு வருஷமா இருக்கா. அவ சொன்னதை விட்டுட்டு உங்க பேப்பரை நம்பினேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்த டூல்கிட் அவ்வளவு மோசமா?"

"இல்ல டாக்டர். நல்லதுதான். இங்க டவுன் ஆபீஸ்ல கணக்கு, மருந்து ஸ்டாக், சம்பளம் எல்லாத்துக்கும் இதைவிட நல்லது கிடைக்காது. நர்ஸ் கையில மட்டும் குடுத்திருக்கக் கூடாது. அதுக்கு ஷாஹிதா எழுதினதுதான் சரி."

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மனசு லேசாகும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வாயில் நேற்றுக் குடித்த காபியின் கசப்பு இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

என்னை அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்தாயிற்று. சீட் இருக்கிறது, வேலை இல்லை. ரகோத்தமன் வழியில் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கட்டைவிரல் தொல்லை ஒழிந்தது.

தங்கபுஷ்பத்தைத் திரும்ப வேலையில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் ஷாஹிதாவை நேராகவே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பழைய திரைகளை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டாளாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று டாக்டரின் உதவியாளரிடம் கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமல் போனை வைத்தேன்.

இருதயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு, வால்பாறை

இருதயமும் வருகிறேன் என்றார். பஜாரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனேன்.

எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகள், லைன் என்பார்கள். மாரீஸ்வரி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான். உடம்பு இன்னும் தேறவில்லை. நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாயை விரித்தாள்.

"அக்கா எந்தூரு? பேச்சு எங்க பக்கம் மாதிரி இருக்கு."

"தூத்துக்குடி."

"எங்க அம்மாச்சி ஊரு சங்கரன்கோவில்."

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கோத்து வைத்திருந்தேன். கம்பைலர், சர்வர் எதுவும் இல்லாமல் சொல்ல வேண்டும். நர்ஸ் உன் பிரஷரைப் போட்டுவிட்டாள். அது டாக்டருக்குப் போகவில்லை. போகாது என்று நர்ஸுக்குத் தெரியாது. மழையில் அந்த மிஷின் இங்கே வேலை செய்யாது என்று எனக்கு முன்னாலேயே தெரியும். டாக்டர் என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. அதனால்தான் ஜீப் வரவில்லை.

அவ்வளவுதான் சொன்னேன். எதிர்வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நர்சக்கா பொய் சொல்லலையா?"

"இல்ல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"ஐயோ." சத்தமில்லாமல்தான் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு அந்தக்கா என்னைப் பாக்க வந்துச்சு. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்துச்சு. ஜீப் வரும்னு சொல்லி என் பிள்ளையக் கொன்னுட்டியேடின்னு லைனே பாக்க மண்ணை வாரித் தூத்திட்டேன். உன் வயிறு எரியணும்னு சொல்லிட்டேன். அதுக்கும் பிள்ள கிடையாதுக்கா."

எழுந்தாள். முறத்தை அப்படியே வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு வந்தாள். செருப்பைத் தேடிப் போட்டாள்.

"எங்க போறே? இன்னும் நடக்கக் கூடாதுல்ல நீ?"

"நர்சக்கா வீட்டுக்கு."

"நானும் வர்றேன். பஜாருக்கு வண்டி பிடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வேண்டாததை வேண்டாம் என்பது போலச் சொன்னாள். என்னை அவள் ஏசுவாள் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் நின்று வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவளுக்கு என்னை ஏச நேரம் இல்லை. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் இறங்கி, வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாள்.

அவள் தலை மறைந்த பிறகும் நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண் துணியைப் பிழிந்தபடி, "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள்.